ஆண்டவர் தர மறுத்த நிம்மதி

"கையைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். நர்ஸ் கழற்றிக் கொடுத்த என் வீட்டுக்காரருடைய சட்டையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றேன். உட்காரவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. குழந்தை பார்க்க வந்த இடத்தில் இப்படியா ஆண்டவரே என்று வாய்விட்டே கேட்டேன்.

விசுவாசக் குடும்பத்தாரே, என் பெயர் எஸ்தர். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்களுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடியே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் நாங்கள். கைதான் எங்களுக்கு எல்லாம். கலங்கிய தண்ணீரில் விரல் பட்டதுமே அது என்னவென்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது.

போன வருடம் ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த நேரம். தண்டையார்பேட்டையில் என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நான், அவர், மகள் ரூத் மூன்று பேரும் கிளம்பினோம். அடிக்கடி போய் வருகிற ஊர்தான். பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று முந்தின நாள் சாயங்காலம் அவர் ஏரியில் இறங்கினார். நண்டு கிடைத்தது. கூடவே ஒரு கெளுத்தி மீன், தன் விஷ முள்ளால் கட்டை விரலுக்கு அடியில் ஆழமாகக் குத்திவிட்டது.

கெளுத்தி குத்துவது எங்கள் பக்கம் பெரிய செய்தி இல்லை. சுடுமணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்போம். வலி போய்விட்டால் விஷம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இந்தக் கணக்கை எங்கள் கரையில் யாரும் சந்தேகப்பட்டதில்லை, நானும்தான்.

காலையிலும் அவருக்கு வலி விடவில்லை. கை வீங்கியிருந்தது. இன்னொரு நாள் போகலாம் என்றேன்.

"அதெல்லாம் தானா எறங்கிடும். நண்டு செத்துடும்மே, கெளம்பு."

ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நண்டுப் பையை நகர்த்தி வைத்தேன், திரும்பவும் நகர்த்தினேன், வாசல்வரை போய்விட்டு வந்தேன். "யம்மா, ஒரு எடத்துல ஒக்காரும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் ரூத். மீஞ்சூர் வந்தபோது கண்ணை மூடி ஜெபித்தேன். ஆண்டவரே, இந்த மனதை அடக்கும். இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

திருவொற்றியூர் தாண்டியதும் அவர் சிரித்தார். "வலி போச்சு. நீதான் சும்மா பயந்துக்கினு கெடந்த."

ஸ்தோத்திரம் என்றேன். ஆனால் மனம் அடங்கவில்லை. முன்னைவிட அதிகமாக அடித்துக்கொண்டது.

அக்கா வீட்டில் ஒரே சந்தோஷம். அக்கா வீட்டுக்காரரான மாமாவும் எங்கள் கரையில் பிறந்தவர்தான். "வலி போச்சா? அப்ப வெஷம் எறங்கிடுச்சி, வுடு" என்றார். நான் குழந்தையை வாங்கினேன், உடனே திருப்பிக் கொடுத்தேன். பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினேன். "இன்னாடி, கால்ல சக்கரம் கட்டிக்கினு வந்தியா?" என்று அக்கா கிண்டல் செய்தாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை, ஆண்டவர்மேல். நிம்மதிதானே கேட்டேன், அதுகூட உம்மால் கொடுக்க முடியாதா என்று மனதுக்குள் சண்டை போட்டேன்.

அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர், கொதிக்கக் கொதிக்க. நான் முந்தானையால் பிடித்தேன். மாமா விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினார். என் வீட்டுக்காரர் மட்டும் பழக்கத்தில் அந்த வீங்கிய வலது கையையே நீட்டி, டம்ளரை விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, சூடு தெர்ல?" என்று கேட்டேன்.

"இன்னா சூடு?"

டம்ளரைப் பிடுங்கினேன். என் விரல் சுட்டது. அவர் விரல் நுனிகள் சிவந்திருந்தன, அவரோ வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அவர் விரலில் குத்தினேன். ரத்தம் வந்தது. அவர் முகம் மாறவே இல்லை. சேற்றுக்குள் இருப்பதைத் தொட்டே சொல்கிற விரலுக்கு, ஊசி குத்தியது தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

"டீய குடிக்கட்டும் எஸ்தரு, காலைல போயி காட்டலாம்" என்றார் மாமா.

"காலைல இல்ல மாமா. இப்பவே."

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்ததுமே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்போதுதான் அந்தச் சட்டையோடு தாழ்வாரத்தில் நின்றேன். அழகாக ஜெபம் செய்ய வார்த்தை வரவில்லை. கை, ஆண்டவரே, கை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரூத் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நைனாவுக்கு ஒன்னும் ஆவாது இல்லம்மா?" என்று கேட்டபடியே இருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வந்தார். முள் உள்ளேயே ஒடிந்து நின்று, கை முழுக்கச் சீழ் பரவியிருந்ததாம். "வலி நின்னது நல்லதுக்கு இல்லம்மா. வீக்கத்துல உணர்ச்சியே போயிடுச்சு. நாளைக்கு வந்திருந்தா கையை எடுத்திருப்போம். இப்ப கை இருக்கு. உணர்ச்சி திரும்புமான்னு பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரயிலில் நான் கேட்ட நிம்மதியை ஆண்டவர் கொடுத்திருந்தால், குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். விடிந்தபோது கை போயிருக்கும். நான் கேட்டதைக் கொடுக்காமல், எனக்குத் தேவையானதைக் கொடுத்திருக்கிறார். அவரோடு சண்டை போட்டேனே என்று நினைத்து, அடக்கி வைத்த அழுகையெல்லாம் அங்கேயே அழுது தீர்த்தேன்.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் தினமும் என் வீட்டுக்காரர் விரலைத் தொட்டுத் தொட்டுக் கேட்பேன். ஒன்றும் தெரியவில்லை என்பார். அவருடைய கண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரு நாள் காலையில் டீ வாங்கிவந்து, ஜெபித்துவிட்டு, டம்ளரை அவர் விரல் நுனியில் மெதுவாக வைத்தேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதுமே" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேரும் அப்படி அழுதோம், அப்படிச் சிரித்தோம்.

இப்போது அவர் மறுபடி ஏரிக்குப் போகிறார். கட்டை விரல் முழுதாக மடங்குவதில்லை. நண்டுங்களுக்கும் ஆண்டவர் கொஞ்சம் இரக்கம் காட்டிட்டாரு என்று கிண்டல் பேசுகிறார். எங்கள் சபையில் யாருக்கு முள் குத்தினாலும், வலி போனபிறகும் விரலைக் கிள்ளிப் பார்க்கிறோம், ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறோம். நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும், எவ்வளவு ஜெபித்தும் மனம் அடங்காமல் இருக்கலாம். ஆண்டவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவரை நம்பி எழுந்து, பக்கத்தில் இருக்கிறவர்களை ஒருதரம் நன்றாகப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய பதில் அங்கே இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் டீ அதிகச் சூடாக இருந்தால் என்னைத் திட்டுகிறார். திட்டட்டும் என்று நானும் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.