செம்பரம்பாக்கம் பனியில் தொலைந்த நாசர் பாய்

சென்னையில் ஏது குளிர்காலம் என்று சிரிப்பவர்கள், தை மாதத்தில் ஒரு ஞாயிறு விடியும்போது பட்டாபிராமிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிவரை சைக்கிளில் போய்ப் பாருங்கள். போகவர முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் போனோம். பழகிய பாதைதான். ஆனால் இந்த முறை நாசர் பாய்க்காகப் போனோம்.

பாய் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஆடி மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லியிருந்தார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா எனக்கு ஃபோன் செய்து, ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியாக விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் கோவில்பட்டிக்காரன். ஆபீஸையும் ஃபிளாட்டையும் தாண்டி இந்த ஊரில் எனக்கு வாய்த்த மனிதர்கள் எல்லாரும் சைக்கிளால் வந்தவர்கள். யோசிக்காமல் வாக்குக் கொடுத்தேன்.

ஐந்தரைக்கு நானும் மோகனும் கிளம்பினோம். மோகன் ஆவடியில் வெல்டிங் பட்டறை நடத்துகிறவன்; பிறந்ததிலிருந்து அதே தெரு. நெமிலிச்சேரி தாண்டி வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் பனி மூடிக்கொண்டது. கம்பம் தெரியவில்லை, விளக்கு மட்டும் அந்தரத்தில் தெரிந்தது. மேலே லாரிகள் போகும் சத்தம் வேறு ஏதோ ஊரில் கேட்பதுபோல் இருந்தது.  

நசரத்பேட்டையில் பாய் குரங்குக் குல்லாவோடு நின்றிருந்தார். அவரை நடுவில் விட்டு, முன்னால் நானும் பின்னால் மோகனுமாக ஏரிப் பக்கம் திரும்பினோம். கரையோரம் போகும்போது மோகனுடைய செயின் கழன்றது. நான் இறங்கி உதவினேன். மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று பாய் சொன்னதற்குத் தலையாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினால், முன்னால் பாய் இல்லை.

கொஞ்ச தூரம் போனோம். இல்லை. திரும்பி வந்தோம். இல்லை. பாய்க்கு ஃபோன் போட்டோம், எடுக்கவில்லை. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் தண்ணீர். இரண்டும் ஒரே வெள்ளை. மோகன் என் பக்கம் பார்க்காமலே கேட்டான்.

"மச்சான், அக்காவாண்ட இன்னா சொல்லுவ?"

 இருவரும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நகர்ந்தோம். அடிப்பதும், நின்று காது கொடுப்பதுமாக. வெகுநேரம் கழித்து, கீழேயிருந்து ஒரு மணி பதில் சொன்னது.

சரிவில் சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பாய் ஒரு கல்லின் மேல், குல்லாவைக் கழற்றி மடியில் வைத்து, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபோனைச் சைலண்ட்டில் போட்டிருந்தார். என்ன பாய் இது என்று கோபத்தில் கத்தினேன்.

"நல்லாத்தான் கீறேன் நைனா," என்றார் பாய். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாளா என்னைத் தனியா உக்கார உட்டாங்களா? ராத்திரி தூங்கசொல்லகூட மும்தாஜ் மூச்சு வருதான்னு மூக்காண்ட கை வெச்சுப் பாக்குறா. நோவு போயும் நோயாளியாவே கீறேன். இப்பதான் நான் சும்மா கீறேன்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தோம். ஏரிக்கு மறுகரையே இல்லாமல் இருந்தது. கண்ணில் படாத பறவைகள் தண்ணீரை உரசிப் பறந்தன. வெயில் வந்ததா, பனிதான் வெளுத்ததா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது என்று எதுவும் இருக்கவில்லை. அப்படி ஒரு நேரம் எனக்குக் கடைசியாக எப்போது வாய்த்தது என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் திருமழிசையில் டீ. நடந்ததை அக்காவிடம் மறைத்துவிடலாம் என்றோம் நாங்கள். பாய் கேட்கவில்லை. அங்கேயே மனைவியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். மூச்சுப் பார்க்கக் கை வைப்பது பாரமாக இருக்கிறது என்பதையும் சொன்னார்.  மோகன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டுப் போய் உக்காருங்க," என்றார் அக்கா கடைசியில். "அந்த நேரம் நானும் கொஞ்சம் சும்மா இருந்துக்கறேன். நானும் அன்னிலேர்ந்து சரியாத் தூங்கலைங்க."

பாய் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய்விட்டார். அப்புறம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள், பனியில் லாரிக்காரருக்கு நாம் தெரியமாட்டோம். எட்டு மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் நெரிசல் ஏறிவிடும். ஏரிக்கரையில் சில இடங்களுக்குள் விடமாட்டார்கள், வாதாடாதீர்கள். ஃபோனைச் சைலண்ட்டில் போடாதீர்கள். நண்பர்களோடு போங்கள். பிறகு, வழியில் எங்காவது அவர்களைக் கொஞ்சம் தனியாக விடுங்கள்.

திருமழிசையிலிருந்து கிளம்பியபோது பாய் முன்னால் போனார். வெயில் ஏறியிருந்தது, அவர் முதுகு தெளிவாகத் தெரிந்தது. எட்டிப் பிடித்திருக்கலாம். நானும் மோகனும் மெதுவாகவே மிதித்தோம்.