கொஞ்சம் மெதுவா ஊத்தலாம்னு சொன்ன தரணி

தரணி போயிட்டான்.

காலைல அவன் நம்பர்ல இருந்துதான் போன். "சொல்றா"ன்னு எடுத்தேன். பேசினது அவன் வீட்டுக்காரம்மா. "அண்ணா... அவருக்கு நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

விழுப்புரத்துல பஸ் ஏறி, உக்காந்து இத டைப் பண்ணிக்கினு இருக்கேன். கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு.

தெரியாதவங்களுக்கு... பேரு தரணேந்திரன். செஞ்சி பக்கத்து ஜெயின் குடும்பம், திண்டிவனத்துல வீடு. பாண்டிச்சேரி பக்கம் ஒரு மாத்திரை கம்பெனில நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேந்தோம். ஒரே செக்‌ஷன், கிரானுலேஷன்.

மருந்துப் பவுடர்ல ஸ்டார்ச் கஞ்சி ஊத்தி, பெரிய மிக்ஸர்ல பிசைஞ்சு, குருணையாக்கி, காய வெச்சு அனுப்பணும். அப்புறம்தான் அது மாத்திரையாகும்.

பொழுது சாஞ்சா அவன் சாப்பிட மாட்டான், ஜெயின் வழக்கம். செகண்ட் ஷிஃப்ட்ல, இருட்டறதுக்கு முன்னாடியே "போய் சாப்பிட்டு வா, நான் பாத்துக்கறேன்"ம்பேன். "பாதில விட்டுட்டு எப்பட்றா போறது"ன்னு மிக்ஸர் பக்கத்துலயே நிப்பான். அன்னிக்கி பட்டினிதான்.

ஒரு மழைக்காலம். மாத்திரையெல்லாம் மேல்பக்கம் தட்டு தட்டா பிஞ்சிக்கினு வந்துது. கஞ்சிய ஏத்து, மிக்ஸர் ஸ்பீட ஏத்து, பிசையற நேரத்தையும் ஏத்துன்னாரு மேனேஜர். மூணும் ஒரே நேரத்துல.

தரணி பொறுமையாத்தான் சொன்னான். "சார், மொதல்ல கஞ்சி ஊத்துற வேகத்த மட்டும் கொறச்சுப் பாக்கலாம். கொஞ்சம் மெதுவா ஊத்தலாம். எல்லாத்தையும் மாத்தினா எது என்ன பண்ணுதுன்னே தெரியாது சார்."

"தெரிஞ்சுக்கினு என்ன பண்ணப் போற? லாரி வெளிய நிக்குது. ஜல்தி ஆவட்டும்."

ஆச்சு. மாத்திரை வழவழன்னு வந்துது, பியல. ஆனா கல்லு. லேப்ல தண்ணில போட்டா கரையவே இல்ல. வயித்துக்குள்ள போனாலும் அப்படியேதான் கெடக்கும்... பேட்ச் மொத்தமும் குப்பைக்குப் போச்சு.

மீட்டிங்ல மேனேஜர் தரணி பேரச் சொன்னாரு. நான் எழுந்து, "சார், நீங்க சொன்னததான் செஞ்சோம்"னேன். "உங்கள கேக்கல, உக்காருங்க"ன்னாரு.

அடுத்த வாரம் தரணிய பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க.

சண்டை போடல. பொண்ணு காலேஜ் சேர்ற நேரம்... "வேற எங்க போறது, விடு"ன்னான். ஆனா கேன்டீன்ல பாக்குறப்பல்லாம் கேப்பான், "இப்ப குருணை எப்படி வருது?"

ரொம்ப நாள் கழிச்சு வேற மேனேஜர் வந்தாரு. ஒண்ணொண்ணா மாத்திப் பாக்க விட்டாரு. கஞ்சி அளவு, ஸ்பீடு எல்லாம் பழசுதான், ஊத்துறத மட்டும் மெதுவாக்கினோம். மாத்திரை பிஞ்சு வரல. தண்ணில அழகா கரைஞ்சுது.

பேக்கிங்குக்கு ஓடிப் போய் சொன்னேன். அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கினு இருந்தான்.

"அப்படியா... சரி"ன்னான். அடுத்த பெட்டிய எடுத்தான்.

அவன திரும்பக் கூப்பிடச் சொல்லி கேட்டேன். பாக்கலாம்னாங்க. பாத்துக்கினே இருந்தாங்க...

இன்னிக்கி மதியத்துக்குள்ள எடுத்துடுவாங்களாம்.

போய் வா தரணி. எனக்கும் ரொம்ப அலுப்பா இருக்குடா.