மைன் முனிராஜ்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் மூன்று முனிராஜ்கள் உண்டு. மைன் முனிராஜ் என்று கேட்டால்தான் சரியான ஆளைக் காட்டுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அவருக்கு அதுதான் பெயர். மூடிப்போன தங்கச் சுரங்கத்தில், பூமிக்குள் அரை மைல் ஆழத்தில் வேலை பார்த்தவர் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அவர் ஒரு நாள்கூடக் கீழே இறங்கியதில்லை.

கெலமங்கலத்துப் பக்கம் பிறந்தவர், வீட்டில் தெலுங்கு. இருபத்திரண்டு வயதில் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்த அந்தச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது, வாசலில் இருந்த டோக்கன் அறையில். இறங்குகிற ஒவ்வொருவரும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். அதை வாங்கிப் பலகையில் அதனதன் ஆணியில் மாட்டுவது முனிராஜின் வேலை. ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான்.

சுரங்கத்தை மூடியதும் ஓசூருக்கு வந்தார். நேர்காணலில் இருந்த திருநெல்வேலி அதிகாரி, அங்கே என்ன வேலை என்று கேட்டார். பதற்றத்தில் முனிராஜுக்குத் தெலுங்குதான் வந்தது. "பைன பனி சார்." தரைக்கு மேலே செய்கிற வேலை என்று அர்த்தம். அதிகாரியின் காதில் அது மைன் பணி என்று விழுந்தது. "அடேயப்பா, அண்டர்கிரவுண்டா! அப்ப பம்ப் வேலையெல்லாம் அத்துப்படின்னு சொல்லு" என்று எழுதிக்கொண்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். முனிராஜ் தலையாட்டிவிட்டார்.

அப்புறம் கதைகள் தாமாக வளர்ந்தன. ஷிப்ட் முடிந்து டோக்கன் ஜன்னலில் நின்று ஆட்கள் பேசியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜன்னலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த ஆட்களின் இடத்தில் தன்னை வைத்துச் சொன்னார்.

போன மாதம் புரொடக்‌ஷன் இன்ஜினியர் தினேஷ்குமார் போனில் ஒரு வீடியோ காட்டினான். அதே சுரங்கம். மலைச்சரிவில் வேலிக் கம்பியை யாரோ அறுத்திருந்தார்கள். அதன் பின்னால் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய். அன்றைக்கே வாட்ஸாப் குரூப் தொடங்கியாகிவிட்டது. ஏழு பேர், ஞாயிற்றுக்கிழமை, டெம்போ டிராவலர். கடைசி வரியில், 'கைடு: மைன் முனிராஜண்ணா.'

"எனக்கு முழங்கால் வலிப்பா" என்று சொல்லிப் பார்த்தார் முனிராஜ்.

வெல்டர் அஸ்மத் சிரித்தான். "நாப்பது கிலோ டிரில்லைத் தோள்ல போட்டுக்கினு ஏணி எறங்கின ஆளுக்கு முழங்கால் வலியா? யாருகிட்ட விடறீங்க?"

"உள்ள பாதையெல்லாம் இடிஞ்சிருக்கும்."

"லைட் அணைஞ்சப்போ செவுத்தைத் தடவியே ஒரு மைல் வந்தேன்னு சொன்னீங்களேண்ணா" என்றாள் குவாலிட்டி பிரிவு வினோதா. "நீங்க முன்னாடி நடங்க, நாங்க உங்க சட்டையைப் புடிச்சிக்கினு வர்றோம்."

"காத்து கெட்டிருக்கும்மா."

"மூஞ்சில பட்டாலே கண்டுபிடிச்சிடுவேன்னு சொன்னது நீங்கதானே!" என்றான் தினேஷ்குமார்.

ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தவர் அவரேதான். மைன் முனிராஜாக இருந்தால் ஏழு பேரை அந்த வாய்க்குள் கூட்டிப்போக வேண்டும். இல்லை, நான் வெறும் டோக்கன்காரன் என்றால், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்களே போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த காகிதத்தில் இருக்கிற பொய் அதற்கப்புறம் என்ன செய்யுமோ. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனுக்கு அவர் ஏழு சிவப்பு அட்டைகளோடு வந்தார். மிஷினைப் பழுது பார்க்கும்போது வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிடாதபடி அவரவர் பெயர் எழுதி மாட்டுகிற அட்டைகள். ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"இது எதுக்குண்ணா?" என்றாள் வினோதா.

"எறங்கறவங்க கையில ஒண்ணு இருக்கணும். ஏறி வந்ததும் திருப்பிக் குடுக்கணும். அதை வாங்கி எண்ணறதுக்கு மேல ஒரு ஆள் வேணும். யாரு உக்கார்றீங்க?"

முனிராஜே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் உக்கார்றேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். நான் கீழ எறங்கினதே இல்ல." பைன பனியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் அஸ்மத்துக்குத்தான் சிரிப்பு வந்தது. "அப்போ இத்தனை வருசமா பைன முனிராஜா நீங்க?" சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவன் நிறுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு இருக்கு. அதை யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார் முனிராஜ். "மூடறதுக்கு முந்தின வருசம். இருநூத்திப் பன்னண்டாம் நம்பர். பம்ப்காரரு. கூடப் போனவங்க மூணு பேரும் வந்துட்டாங்க, அவரு ஆணி மட்டும் காலி. கிட்ட வழின்னு பழைய பாதையில நுழைஞ்சிருக்காரு. கல்லு விழல, அடி படல. செவுத்துல சாஞ்சு தூங்கற மாதிரி உக்காந்திருந்தாராம். கெட்ட காத்துக்கு வாசனையே கெடையாதுப்பா. அவரு சம்சாரம் வந்து ஜன்னல்ல, வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கினே இருந்துச்சு. நான் ஆணியைப் பாத்துக்கினே உக்காந்திருந்தேன்."

வினோதா தன் அட்டையை அவர் முன்னால் வைத்தாள். அஸ்மத் வைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். தினேஷ்குமார் வைக்கவில்லை.

"இத்தனை வருசமாப் பொய் சொன்னவரு. இது மட்டும் நெஜம்னு எப்படிண்ணா நம்பறது? வண்டி பேசியாச்சு, நான் போறேன்." அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "எச்.ஆர்.ல தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றார் முனிராஜ்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. அட்டைகளை மாட்டுகிற பலகையில் ஆறு தொங்கின; ஏழாவது கொக்கி காலி. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப்பார்த்து, "மைனு, வர்றியா இல்லியா?" என்று கத்தினார். முனிராஜ் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டார். பஸ் போயிற்று. அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு தங்கள் மிஷின்களுக்குப் போனார்கள். அவர் நகரவில்லை.

நான்கரைக்குத் தினேஷ்குமார் ஹெல்மெட்டும் பையுமாக வெளியே வந்தான். பலகைக்கு எதிரே அவரைப் பார்த்ததும் நின்றான்.

"இன்னும் வீட்டுக்குப் போகலியா?"

"ஒண்ணு வரலப்பா."

அவன் கொஞ்ச நேரம் காலியாக இருந்த கொக்கியையே பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான்.

"அந்த எரநூத்திப் பன்னண்டு. அவரு பேரு என்ன?"

"நாராயணப்பன்" என்றார் முனிராஜ். அட்டையை மாட்டிவிட்டு, முதலிலிருந்து ஒருமுறை எண்ணினார்.