வண்டிதான் ஆடுது, நான் ஆடல

ஐந்தருவிக்கு மேலே இருக்கும் பழத்தோட்டத்திலிருந்து குழல்வாய்மொழி புல்லட்டில் இறங்குகிறாள் என்றால், ஆளுக்கு முன்னால் சத்தம் குற்றாலம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், குளிக்க வந்தவர் முதுகில் வைத்த கையை எடுக்காமலே தலையை மட்டும் திருப்புவார்கள்.

"வருதா பாரு, மலையாண்ட மகாராணி!"

"தாயீ, சேலைய சக்கரத்துல விட்டுராத!" இன்னொருத்தன் அக்கறையாகச் சொல்கிறவன் மாதிரி குரலைக் குழைப்பான்.

"என் சேல இருக்கட்டும். உம்ம வேட்டிய மொதல்ல பிடியும் வே, காத்தடிக்கு." வண்டியை நிறுத்தாமலே பதில் வரும்.

சேலையை வரிந்து கட்டி, மேலே புருஷனின் காக்கிக் கோட்டை மாட்டி, பின்னால் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடை தொங்க, அவள் போவாள். கூடை நிறைய மங்குஸ்தான் பழம்.

வாசுதேவநல்லூரில் மாட்டுவண்டிக்காரர் மாடனுக்கு மூத்த மகள் அவள். நடக்கப் பழகுமுன் வண்டியில் ஏறியவள் என்று அப்பன் பெருமை பேசுவார். வாக்கப்பட்டது குற்றாலத்துச் செல்லச்சாமிக்கு. அவர் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். ஜபல்பூரில் லாரி இடித்து, வலது முழங்கால் மடங்காமல் போய், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சும்மா வரவில்லை. மிலிட்டரி ஏலத்தில் ஒரு புல்லட்டை எடுத்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டு முன்னால் நிறுத்திய பிறகுதான், அதை உதைத்து ஸ்டார்ட் செய்ய ஒரு முழங்கால் மடங்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து துடைப்பதோடு சரி.

"துடைக்கதுக்கு ஒரு வண்டியா? அதுக்குப் பித்தளக் குத்துவிளக்கு வாங்கியிருக்கலாம்லா?" என்றாள் குழல்வாய்மொழி. அடுத்த வாரமே அவள் உதைக்க ஆரம்பித்துவிட்டாள். செல்லச்சாமி கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே கத்துவார். "கிளச்சு! ஏட்டி, கிளச்சு! டபுள் மார்ச்! அய்யோ, ஹால்ட்! ஹால்ட்டுன்னா நில்லுட்டி!"

அறுபத்திமூன்றாம் வருஷத்துச் சாரல் சீசன் அது. அதுவரை தோட்டத்துப் பழத்தைக் கீழே கொண்டுவந்தது பலவேசத்தின் மாட்டுவண்டி. வண்டி அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் குளிக்க வந்த கூட்டம் பாதி கலைந்துவிடும். குழல்வாய்மொழி விடியும்போதே இறக்கிக் காட்டினாள். தோட்டத்து மேஸ்திரி நல்லதம்பி வேறு வழியில்லாமல் அந்தச் சீசன் பாரத்தை அவளுக்குக் கொடுத்தார். பலவேசத்துக்கு உறவுக்காரர் அவர். மனசில்லாமல்தான் கொடுத்தார்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் புல்லட் ஆட ஆரம்பித்தது.

நேர்ரோட்டில் ஒன்றும் தெரியாது. தோட்டத்துக் கல்பாதையில், வளைவில் சாய்க்கும்போது, முன்சக்கரம் ஒரு பக்கம் போகப் பின்சக்கரம் இன்னொரு யோசனை பண்ணும். இடுப்பு பிடித்த கிழவன் திரும்புகிற மாதிரி. கூடைகள் ஒன்றை ஒன்று இடிக்கும். மங்குஸ்தானுக்கு அடிபட்டால் தோல் கல்லாகிவிடும், விரலால் பிளக்க வராது. கடைக்காரர்கள் ஒரு நாள் பொறுத்தார்கள், மறுநாள் கூடையைத் திருப்பி அனுப்பினார்கள்.

நல்லதம்பிக்கு மூக்கால் பேசுகிற குரல். சந்தோஷம் வந்தால் இன்னும் மேலே ஏறும். "ஏளா குழலு, நான் அன்னைக்கே சொன்னம்லா? பொம்பள கைக்கு அடங்குத வண்டியா இது? நீ ஆடுத, அதான் வண்டி ஆடுது. திங்கக்கிழம வர பாப்பேன். இன்னொரு கூட அடிபட்டுச்சோ, பாரம் பலவேசத்துக்கு."

"நான் ஆடல அண்ணாச்சி. வண்டிதான் ஆடுது."

"ரெண்டும் ஒண்ணுதாம்ளா."

"ரெண்டும் ஒண்ணுல்ல. காட்டுதேன்."

தென்காசியில் ஆவுடையப்பன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். ஆவுடையப்பன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவளைத்தான் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை.

"வண்டில ஒரு கொறையும் இல்ல மதினி. ஓட்டுதது யாருன்னு பாத்தாலே தெரியுதுல்லா? வேற ஆம்பளையாள வெச்சு ஓட்டிப் பாருங்க."

"கழட்டிப் பாக்காம எப்பிடிச் சொல்லுதீரு?"

"இதுக்கெல்லாம் கழட்டணுமாக்கும்?"

அவள் வண்டியைத் திருப்பினாள். எதிர்த்தாற்போல் வேப்பமரத்தடிக்கு வண்டியைத் தள்ளி, ஸ்டாண்டு போட்டு, கீழே சாக்கை விரித்து உட்கார்ந்தாள். மிலிட்டரி ஸ்பேனர் பை வண்டியின் பெட்டிக்குள் இருந்தது. முதலில் பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். டொக். தள்ளினாள். டொக்.

"யாருமே ஏறல வண்டில. இப்ப ஆடுதது யாரு?" என்று ரோட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பட்டறையில் நின்ற ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பினார்.

சேதி போய் செல்லச்சாமி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். "ஏட்டி, நடுரோட்டுல என்ன இது? செயினக் கழட்டு மொதல்ல. அப்புறம் சக்கரம். அட்டென்ஷனா நில்லு!"

"உக்காந்திருக்கேன். சக்கரத்தப் பிடிக்குத இந்தக் கவையில பட்டாளத்துல நீங்க கிரீஸ் போட்டிருக்கீங்களா?"

செல்லச்சாமி மீசையைத் தடவினார். "அதுக்குன்னு ஒரு சர்தார்ஜி இருந்தான்."

"அவனக் கூட்டிட்டு வந்திருக்கலாம். வண்டிய மட்டும் ஏலத்துல எடுத்துட்டு வந்தீங்களே."

சக்கரம் கழன்று வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக நிற்கிற ஸ்பிரிங்குகளைக் கீழ்முனையில் விடுவித்தாள். மிச்சம் இருந்தது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவை. அது மேலும் கீழும் அசைய, குறுக்கே ஒரு தண்டு. தண்டைச் சுற்றி உள்ளே வெண்கல வளையம், புஷ் என்பார்கள். மரத்துண்டை வைத்துத் தட்டித் தண்டை உருவினாள்.

தண்டு கன்னங்கரேலென்று வந்தது. விரலால் வழித்து, மோந்து பார்த்தாள். விளக்கெண்ணெய் வாடை.

ஆவுடையப்பன் ரோட்டைத் தாண்டி வந்து அதை மோந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இது என்னது? வண்டி மையா? ஏலே, இங்க வந்து பாருங்கலே! புல்லட்டுக்கு மாட்டுவண்டி மை போட்டிருக்கா!"

கூட்டம் கூடியது. ஒருத்தன் புல்லட்டுக்கு லாடம் அடிச்சாச்சா என்றான். ஒருத்தன் 'ம்மா' என்று மாடு மாதிரியே கத்தினான். செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

குழல்வாய்மொழி எழுந்து நின்றாள். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அப்பன் மூங்கில் குழலில் அடைத்துத் தந்த மை அது. மாதம் தவறாமல் ஊற்றியது அவளேதான்.

"ஆமா, நாந்தான் போட்டேன். எங்கப்பன் ஆயுசு முழுக்க அதான் போட்டாரு, எந்த அச்சும் முறியல. மாட்டுவண்டிச் சக்கரம் முழுசாச் சுத்தும், மைய எல்லாப் பக்கமும் இழுத்துக்கிடும். இது சுத்தாது, நின்ன இடத்துலயே லேசா அசையும். எண்ண காஞ்சு கரி மட்டும் நின்னு அராவியிருக்கு, மணலப் போட்ட மாதிரி. போதாக்கொறைக்கு நான் அருவித் தண்ணியில வேற கழுவியிருக்கேன். தப்புதான். என் தப்பு. ஓட்டுதது தப்பில்ல. ஆவுடையப்பண்ணே, நீரு கழட்டிப் பாத்திருந்தா இதக் காலையிலயே சொல்லிச் சிரிச்சிருக்கலாம்."

மாடு மாதிரிக் கத்தியவன் ஆவுடையப்பனைப் பார்த்துச் சிரித்தான்.

புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. புதுசு கடைந்துதான் போட வேண்டும். செங்கோட்டையில் ரயிலடிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை. கவையையும் தண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கலப்பையா?"

"என் வண்டியோட இடுப்பு. டிக்கெட்டு கேட்டா அதுகிட்டக் கேளும்."

லேத்துக்காரர் புனலூர்ப் பக்கத்து மலையாளி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அய்யோ, இது முழுக்கத் தேஞ்ஞு போயல்லோ. எந்தா உள்ளே இட்டது, கரியோ?"

"கரிதான். சிரிக்கணும்னா சிரிச்சிட்டுக் கடைஞ்சு குடும்."

அவர் சிரித்துக்கொண்டே கடைந்தார். தண்டை உள்ளே விட்டுத் திருப்பிக் காட்டினார். விரல் பட்டதும் திரும்பியது, அசைத்தால் அசையவில்லை. "இனி கிரீஸ் மாத்ரம் இட்டால் மதி, வேற ஒண்ணும் வேண்டா, கேட்டோ."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே வேப்பமரத்தடி. கழட்டிப்போட்ட வண்டி அங்கேதான் நின்றது. லாரியில் ஏற்றிப்போய் வீட்டிலேயே மாட்டியிருக்கலாம். செல்லச்சாமியும் அதைத்தான் கெஞ்சினார். "எங்க வெச்சுச் சிரிச்சாங்களோ அங்க வெச்சுத்தான் மாட்டுவேன்" என்றுவிட்டாள். லாரிக்காரர்கள் வாங்குகிற டின் கிரீஸ் கொண்டுவந்திருந்தாள். பழசையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். புஷ்ஷுக்குள்ளும் தண்டிலும் விரலால் அப்பினாள். மாட்டிய பிறகு கிரீஸ் பம்பை வைத்து, இரண்டு ஓரத்திலும் மஞ்சளாகப் பிதுங்கி வரும்வரை அமுக்கினாள். நட்டை முறுக்கிக் கவையைத் தூக்கிவிட்டாள். மெதுவாகத் தானே இறங்கியது. ஒரேயடியாக விழவும் இல்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. ஆவுடையப்பன் பட்டறைக்குள்ளிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். அவள் கேட்காமலே ஒரு பையன் கையில் புது வாஷர் ஒன்று கொடுத்தனுப்பினார். வாங்கிப் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தோட்டத்து வாசலில் பலவேசத்தின் வண்டி நின்றது. கூடைகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, திங்கக்கிழம வரன்னு சொன்னீங்கள்லா?"

"பழம் பொறுக்காதும்ளா. உன் வண்டிய நம்பி இனி ஒரு கூட ஏத்த மாட்டேன்." நல்லதம்பியின் மூக்கு உச்சத்தில் இருந்தது.

"அப்ப பழத்த ஏத்தாண்டாம். நீங்க ஏறுங்க."

"என்னது?"

"மடியில ஒரு கூடைய வெச்சிட்டுப் பின்னால உக்காருங்க. கடைத்தெரு வரைக்கும். ஒரு பழம் ஒரு பழத்த இடிச்சாலும் நானே பலவேசண்ணன் வண்டியில பாரம் ஏத்திக் குடுக்கேன்."

பழம் பறிக்கிற பெண்கள் கூடையை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ரெங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "மேஸ்திரி பயப்படுதாக போல."

"யாரு பயப்படுதா?" நல்லதம்பி கூடையைப் பிடுங்கினார். "ஆனா பஜாருக்கு முன்னாலயே எறக்கி விட்டுரணும். மலப்பாத வரைக்குந்தான்."

"ஏறுங்க."

கல்பாதையில் முதல் வளைவில் நல்லதம்பி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. பின்பக்கம் முன்பக்கம் சொன்னதைக் கேட்டது. கூடைக்குள் சத்தமே இல்லை. இரண்டாவது வளைவில் கண்ணைத் திறந்தார். ஐந்தருவி தாண்டியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

"இங்கன நிப்பாட்டு. ஏளா, இங்கனதான். நிப்பாட்டுங்கேம்லா!"

"கேக்கல அண்ணாச்சி! காத்து!"

"ஏளா!"

கடைத்தெருவில் எண்ணெய்க் கைகள் எல்லாம் நின்றன. முக்காடு போட்ட ஒரு பெரிய ஆள், மடியில் கூடையோடு, குழல்வாய்மொழிக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்து வருவதைத் தெருவே பார்த்தது. யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கடைகளுக்கு நட்டநடுவில் வண்டி நின்றது. அவள் திரும்பினாள்.

"ஆடுச்சா அண்ணாச்சி?"

முக்காடு இன்னும் கீழே இறங்கியது.

"தெருவுல எல்லாரும் கேக்காவ. ஆடுச்சா?"

"ஆடல" என்றது அந்த மூக்குக் குரல். தெருவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. நல்லதம்பி முக்காட்டை எடுத்தார். இனி எதற்கு? கூடையைக் கடைப்பலகையில் வைத்து, ஒரு பழத்தை எடுத்து அமுக்கினார். தோல் மெத்தென்று பிளந்து, உள்ளே வெள்ளைச் சுளை தெரிந்தது.

"மிச்சக் கூட மேல கெடக்கு. பலவேசங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி. ஏறுங்க, போவோம்."

"நான் நடந்து வாரேன்" என்றார் நல்லதம்பி.

அவள் எழும்பி, கிக்கரை ஓர் உதை உதைத்தாள்.