முந்தாநாள் தின்ற குழம்பு

இந்த நாட்டில் ஒருவன் வாந்தி எடுத்தால் அதைக் கொட்ட விடமாட்டார்கள். மலாய் நாட்டில் நான் படுத்துக்கிடந்த ஆஸ்பத்திரியில் அதைப் பீங்கான் பேசின் ஒன்றில் பிடித்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்துவிடுவார்கள். காலையில் வெள்ளைக்கார டாக்டர் வந்து, துணியை விலக்கி, குனிந்து பார்த்து, மோந்து, தலையாட்டுவார். நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. முதல் நாள் அவர் என் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பாதிக் குடத்தில் தண்ணீர் தளும்புவதுபோல் உள்ளே சத்தம் கேட்டது. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஏதோ நல்ல காலம் பிறந்துவிட்டதென்று எண்ணிப் பக்கத்துக் கட்டில் சீனர் கைதட்டினார்.

நான் புதுக்கோட்டைச் சீமைக்காரன். இங்கே ரப்பர் தோட்டத்தில் எட்டு வருஷமாகக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவன். வேளைக்குச் சோறு கிடையாது; வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பிதான் காவல். வயிறு எரியும், பிறகு தணியும். அதை நான் நோய் என்றே எண்ணவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போயிருந்தபோதுதான் விசேஷம் ஆரம்பித்தது. திங்கட்கிழமை தின்றது புதன்கிழமை வெளியே வந்தது. வந்தது என்றால், அடையாளம் சொல்லும்படி வந்தது. அவரைக்காய் அவரைக்காயாகவே இருந்தது.

என் அக்கா அதைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "ஒனக்கு யாரோ வசிய மருந்து வெச்சிருக்காகடா. சோத்துல கலந்து குடுத்திருக்காக. நீ மறுபடி கப்பலேறக் கூடாதுன்னு யாரு நினைப்பா? நீயே ரோசன பண்ணிப் பாரு" என்றாள். யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்குச் சோறு போட்டவள் என் மனைவி செல்லாயி ஒருத்திதான்.

குன்றாண்டார்கோவில் பக்கம், இப்படி உள்ளே போன மருந்தை வெளியே எடுப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் அக்கா என்னைக் கூட்டிப்போனாள். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, அதில் குச்சியால் துழாவி, முடியும் நகமும் சேர்ந்த கறுப்பு உருண்டை ஒன்றைத் தூக்கிக் காட்டுவது அவர் தொழில். உருண்டையை உள்ளங்கையில் முன்பே ஒளித்து வைத்திருப்பார் என்பது இன்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அதை அவர் வெளியே எடுக்க வேண்டியே இருக்கவில்லை. மூன்று நாளைக்கு முந்திய மீமிசல் கருவாட்டுக் குழம்பின் புளிக்கோது, கறுத்துத் திரண்டு, தானாகவே வந்து விழுந்தது. அவரே இரண்டடி பின்னால் நகர்ந்தார். "இத்தனை வருசத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்லைங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து செல்லாயி கையால் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அங்கேயும் அதே வாந்திதான். அது ஏன் என்று கேட்கிற புத்தி எங்கள் இருவருக்குமே இல்லை. புறப்படும் நாளில் முற்றத்தில் நின்று, கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: "புருசனுக்கு மருந்து வெச்சவ வீட்டுல எனக்கு என்ன வேலை?" அவள் அழவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் நாகப்பட்டினத்துக்கு வண்டியேறினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இங்கே திரும்பி வந்தும் வாந்தி விடவில்லை; கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அங்கேயும் இந்தக் கதையைச் சொன்னேன். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்து டிரெசர், அதாவது டாக்டருக்கு உதவியாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். துரை சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அக்கறையாக எழுதிக்கொண்டார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "உங்கடை மனிசி போட்ட சாமான் மிச்சம் இருந்தால் தபாலிலை அனுப்பட்டாம். சோதிச்சுப் பார்க்கோணுமாம்" என்றார் டிரெசர்.

சோதிக்க அவசியமில்லாமல் போயிற்று. ரப்பர்க் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள், சுண்ணாம்புபோல் எதையோ குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள், கடைசியில் கத்தி வைத்தார்கள். இரைப்பையில் பல வருஷப் புண்ணாம். ஆறி ஆறித் தழும்பு இறுகி, சோறு குடலுக்கு இறங்குகிற வாசலைச் சுருக்கிவிட்டதாம். ஒரு பென்சில்கூட நுழையாதாம். ஆக, குற்றவாளி கோப்பி. எழுந்து உட்கார முடிந்த அன்றே செல்லாயிக்கு எழுதினேன். நீ ஒன்றும் வைக்கவில்லை, என் வயிறுதான் அடைத்துக்கொண்டது, இப்போது வேறு வழி திறந்துவிட்டார்கள், என்னை மன்னித்துக்கொள் என்று எழுதி, துரை மருந்தைத் தபாலில் அனுப்பச் சொன்ன வேடிக்கையையும் சேர்த்தேன். பதில் வராது என்றுதான் பயந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து வந்தது. கையெழுத்து எங்கள் ஊர்த் தபால்காரருடையது. ஆகவே சுற்றுவட்டாரம் முழுக்கச் சேதி தெரிந்திருக்கும். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தார்:

"நீங்க மன்னிப்புக் கேக்க வேணாம். மருந்து வெச்சது உள்ளதுதான். நீங்க போகக் கூடாதுன்னு திருவரங்குளத்துக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்கிக் குழம்புல கலந்தேன். ஒண்ணும் உள்ள எறங்காம நீங்க வாந்தி எடுத்துட்டீங்க, பெறகு அது எப்படி வேலை செய்யும்? இப்பத்தான் வழி தொறந்திருச்சாமே. மிச்சம் மடிச்சு வெச்சிருக்கேன். டாக்டருக்கு அனுப்ப மாட்டேன். நீங்க இங்கிட்டு வாங்க."

தையல் தழும்பைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அந்தக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. துரை வயிற்றைத் தடவிப் பார்த்துத் திருப்தியாக விளக்கினார்: பழைய வாசலை அவர் எடுக்கவில்லை, அது அங்கேயே கிடக்கும். இனி நான் தின்பதெல்லாம் அவர் வெட்டிய புது வழியில்தான் போகும்.

"எங்க வீட்டுக் குழம்பும் அந்த வழியிலதான் எறங்குமான்னு கேளுங்க" என்றேன்.

அதை மட்டும் டிரெசர் மொழிபெயர்க்கவில்லை.