மாடிப்படி ஏறும் மெக்கானிக்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். பதினொரு வருஷமாக ஒரே ஆளின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஒரு பம்ப் மெக்கானிக். ஒரே நாளில் ஆறு அலாரம் கடிகாரம் வாங்கினார், குண்டு வைக்கத்தான் என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டது. அவருக்குக் கும்பகர்ணத் தூக்கம் என்பதைக் காதண்ணன் முதல் வாரமே எழுதிக் கொடுத்தார். யார் படிக்கிறார்கள்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புப் படிவம் வரும். 'தவறாக எதுவும் பேசவில்லை' என்று இவர் எழுதுவார். "அவ்வளவு உஷாரான ஆளா?" என்று மேலதிகாரி நீட்டித்துவிடுவார்.

ஒருநாள் மெக்கானிக் தன் அக்காவிடம், "மாடி ஏறினா பாதியிலயே நெஞ்சைப் பிடிக்குதுக்கா. இடது கை மரத்துப்போகுது. என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே," என்றார்.

"வாயுடா. வெந்நீர் குடி."

காதண்ணன் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. "வாயு இல்லைப்பா. எங்கப்பா போனது இப்படித்தான்," என்றார் என்னிடம்.

"போன் போட்டுச் சொல்லிடுங்களேன்."

"யாரு பேசுறேன்னு சொல்றது?"

நியாயம்தான். ஒட்டுக்கேட்பதை வெளியே சொன்னால் ஏழு வருஷம் உள்ளே. அந்த ஆள் இருமும்போதெல்லாம் இவர் நாற்காலியில் நெளிந்தார். பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் பயங்கரவாதத் தடுப்புக்கென்று எங்கள் அதிகாரத்தைக் கூட்டி ஓர் உத்தரவு வந்தது. ஒட்டுக்கேட்பவர் எழுதிக் கொடுத்தாலே யாரையும் மூன்று நாள் பிடித்து வைக்கலாம். நாங்களெல்லாம் உத்தரவின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். காதண்ணன் கடைசிவரை படித்தார். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று அங்கே இருந்தது.

மெக்கானிக்கைப் பிடிக்கச் சொல்லும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், 'மாடிப்படியில் அடிக்கடி பாதியில் நிற்கிறார்' என்று எழுதினார். மேலதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு போனார்கள். நடக்க விடக்கூடாது, தூக்கித்தான் வர வேண்டும் என்றும் இவர் குறிப்பு எழுதியிருந்தார். சோதித்த டாக்டர் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தக்குழாயில் இரண்டு அடைப்பு. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காதாம்.

"ஒண்ணும் இல்லாத ஆளுய்யா. ஃபைலை மூடிடு," என்றார் மேலதிகாரி. காதண்ணனுக்கு அப்படியொரு சந்தோஷம். மெக்கானிக் குணமாகி வீடு திரும்பியபின் கடைசியாக ஒருமுறை காதுக்கருவியை மாட்டினார்.

"மாத்திரை கசக்குதுக்கா. ரெண்டு நாளா விட்டுட்டேன். அவகிட்ட சொல்லிடாதே," என்றது மெக்கானிக் குரல்.

காதண்ணன் புதுப் படிவம் ஒன்றை இழுத்தார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக, 'மிகவும் ஆபத்தான ஆள். கண்காணிப்பை நீட்டிக்க வேண்டும்' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.