அந்தக் குரல் என்னுடையதுதான்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், சனி ஞாயிறுகளில் நான் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு நடத்தினேன். மற்ற நாட்களில் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்தவன். கண்டித் தெருக்களில் நடக்கும்போது நூறடிக்கு ஒருமுறை சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது. இன்னும் போகவில்லை.

வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பது என் சட்டம். கொப்பித் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். 'பேப்பர்' என்று சொன்னால் தாள் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் மறுபடியும். இன்னொரு வழக்கமும் இருந்தது. பிழையாகச் சொல்பவர்களைப் போலவே நான் சொல்லிக்காட்டுவேன். 'இஸ்கூலு', 'இஸ்டேசன்' என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் குரலில், அவர்களுடைய அதே இழுப்போடு. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அதில் நான் கெட்டிக்காரன்.

அவள் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் வேலை. வயது இருபத்திரண்டு இருக்கும். முதல் மாதம் முழுவதும் நான் அதிகமாகச் சொல்லிக்காட்டியது அவளைத்தான். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, திரும்பவும் தாளைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருடத்தில் என் வகுப்பிலேயே நல்ல உச்சரிப்பு அவளுடையதாகிவிட்டது.

கண்டியில் ஒரு ஹோட்டலுக்கு டெலிபோன் ஒப்பரேட்டர் தேவைப்பட்டது. அவள் விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது.

"மொகத்தப் பாக்க மாட்டாங்களாம் சேர். அவங்க ஒரு ரூம்ல, நாங்க ஒரு ரூம்ல. டெலிபோன்ல கொரல மட்டுந்தான் கேப்பாங்களாம்."

"அப்ப ஒனக்குத்தான் வேல. மொகத்தப் பாத்தாத்தான கஷ்டம்," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"ஒன்னையப் பாத்தா டெலிபோனே எந்திரிச்சி ஓடிரும். நீ பேசாம இரு."

நான் புருவத்தைத் தூக்கினேன். தமிழ் பேசியதற்காக இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அவளுக்கு என் சிறிய டேப் ரெக்கோர்டரைக் கொடுத்தேன். கசெற்றில் நானே வாக்கியங்களைப் பேசிப் பதிந்திருந்தேன். 'ஹோல்ட் ஒன் ப்ளீஸ்.' 'த லைன் இஸ் பிஸி.' 'ரூம் டூ ஓ த்ரீ இஸ் நொட் ஆன்ஸரிங்.' ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் தன் குரலைப் பதிய வேண்டும்.

"லயத்துல பேச ஏலாது சேர். ஒரு வீட்ல தும்முனா நாலாவது வீட்ல கேக்கும். சிரிப்பாங்க."

"அப்ப மலையில ஆளில்லாத இடமாப் பார்த்துப் போம். சத்தமாச் சொல்ல வேணும்," என்றேன். அந்த யோசனை என்னுடையது.

தேயிலைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கும் இடத்துக்கு அவள் போயிருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் மலையுச்சியில் ஒரு கருவியை வாயருகே வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எண்களைச் சொன்னால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அடையாள அட்டையை நூறடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. உச்சரிப்பு மட்டும்தான் தோன்றியது.

சனிக்கிழமை வகுப்புக்கு அவளுடைய தாய் வந்து படியருகில் நின்றாள்.

"பொலிசு கொண்டுபோய் ரெண்டு நாளாச்சிங்க ஐயா. அந்தப் பெட்டியில பேசுற ஆம்பள யாருன்னு கேக்குறாங்களாம். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க. வியாழக்கெழம அவ ஹோட்டல் வேலைக்குப் போய்ப் பேசிக்காட்டணும்."

"வாறன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்டியில் கலஹா பஸ் ஏறினேன். பாதி வழியில், பேராதனையில் இறங்கிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி ஏறி, மறுபடி பேராதனையில் இறங்கினேன். வீட்டில் கதிரையில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டேயிருந்தேன்.

"போக வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை," என்றாள் மனைவி. "போறதெண்டாப் போங்கோ. இல்லையெண்டா ஒரு இடத்தில இருங்கோப்பா. எனக்குத் தலை சுத்துது."

செவ்வாய்க்கிழமை பொலிசாரே பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னை அழைத்துப் போனார்கள். அவள் என் பெயரைச் சொல்லியிருந்தாள். வேறு என்ன சொல்வாள்?

பொலிஸ் நிலையத்தில் அவள் சுவரோரமாக ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதைப் போல. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பொத்தானை அழுத்தினார். என் குரல் வந்தது. பிறகு அவள் குரல். மீண்டும் என் குரல். இத்தனை வருடம் நான் பெருமைப்பட்ட குரல்.

"இது நீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"நீங்கள்தான் இங்கிலீஷ் மாஸ்டராமே. அப்படியானால் அதே வசனங்களைச் சொல்லுங்கள், கேட்போம்."

நான் சொன்னேன். "ஓல்டு ஆன் பிளீசு. தி லைனு ஈஸ் பிசி." வகுப்பில் சிரிப்பு மூட்டும் குரல் தயாராக இருந்தது. அந்த இழுப்பு, அந்தத் தடுக்கல், ஒன்றும் குறையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இந்த ஆளிடமா நீ இங்கிலீஷ் படித்தாய்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய குரல் என்று அந்த அறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். முதல் மாதத்து அவளுடைய குரல்.

"இவர் இல்லை," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். "ரேடியோவிலிருந்து பிடித்தது. பயத்தில் இவர் பெயரைச் சொல்லிவிட்டேன்."

நான் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். குரலுக்கு ஆள் கிடைக்காததால் அவளை மேலும் ஒன்பது நாட்கள் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை அதற்குள் போய்விட்டது.

என் மகனுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, தமிழ்ப் பையன்களைப் பொலிசு பிடித்துப் போகிற வயது. ஆனால் உண்மை அதுவல்ல. ரோட்டில் இறங்கி நின்ற பிறகுதான் மகன் என் நினைவுக்கு வந்தான். உள்ளே இருந்தபோது என் தோலைத் தவிர வேறொன்றையும் நான் நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பத்திரிகைத் தாளில் சுற்றிய ரெக்கோர்டரோடு அவள் படியேறி வந்தாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"கசெற்ற அவங்களே வச்சிக்கிட்டாங்க சேர். பெட்டியத்தான் குடுத்தாங்க."

"நான் ஹோட்டலுக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன்."

"வேணாங்க சேர். ஆள் எடுத்துட்டாங்க."

"வகுப்புக்கு வாருமன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கு நீங்க பேசுனது அப்பிடியே நான் பேசுற மாதிரியே இருந்திச்சி சேர்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதைக் கோபத்தில் சொன்னது என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கை என்னவோ தாளைப் பிரித்து, அவளுக்கு முன்னாலேயே பொத்தானை அழுத்திப் பார்த்தது. சக்கரங்கள் சுற்றின.

"வேலை செய்யுது," என்றேன்.

"செய்யும் சேர். பெட்டிய அவங்க பத்திரமாத்தான் வச்சிருந்தாங்க," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.